தானம் கொடுத்த மாடு

அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்து நாலாவது நாள். மாலை ஐந்து மணிக்கும் தெருவில் அனல் அடங்கவில்லை. நானும் என் நண்பர் ஒருவரும் வழக்கம்போல் கடைத்தெருப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தோம். நண்பர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். கிளை நூலகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை சாத்தியிருந்தது. கோடை விடுமுறை நிகழ்ச்சிகள் என்று சுண்ணக்கட்டியால் சற்றே சரிந்த கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். கதை சொல்லுதல், ஓவியம், சதுரங்கம், காகிதப் பொம்மை செய்தல், மாஜிக். நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. கடைசியில் இரண்டு வரிகள்: 'எல்லா வயதினரும் வரலாம். அனுமதி இலவசம்.'

நண்பர் நின்று, மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார்.

"எல்லாம் சரிதான். இலவசம்னு போட்டிருக்கே, உருப்படியா இருக்குமா?" என்றார்.

அவர் தம்முடைய பேரனைப் பதினைந்து நாளைக்கு நாலாயிரம் ரூபாய் கட்டி ஒரு கோடை வகுப்பில் சேர்த்திருக்கிறார். அங்கே பொம்மை ரோபோ செய்யக் கற்றுத் தருகிறார்களாம். "காசு வாங்கறவனுக்கு ஒரு பயம் இருக்கும். நாளைக்கு நாம போய் ஏன்யா இப்படின்னு கேட்கலாம். காசு வாங்காதவனை என்னன்னு கேட்கறது?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வேறொரு சமயமாக இருந்தால் நான் அவரை விட்டிருக்க மாட்டேன். அறிவுக்கு விலை உண்டா, காற்றுக்கு விலை உண்டா என்றெல்லாம் ஆரம்பித்து அவர் வீட்டு வாசல் வரைக்கும் பிரசங்கம் செய்துகொண்டே போயிருப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வாய் எழவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கரும்பலகையில் முதலில் போட்டிருந்த 'கதை சொல்லுதல்' மூன்று நாளைக்கு முன்பே முடிந்துவிட்டது. கதை சொன்ன எழுத்தாளன் நான்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நூலகத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் ஒரு பெண்மணி. மூன்றாம் நிலை நூலகர். அந்தக் கட்டிடத்தைக் கூட்டுவது ஒன்று தவிர மற்ற எல்லா வேலையும் அவருடையதுதான். சில நாட்களில் கூட்டுவதும் அவர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, "ஸார், பிள்ளைங்களுக்கு ஒரு மணி நேரம் ஏதாவது கதை சொல்லணும். சன்மானம்னு ஒண்ணும் தர முடியாது. ஒரு டீ வேணும்னா வாங்கித் தருவேன்" என்றார். "அதெல்லாம் எதற்கம்மா? வருகிறேன்" என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கு என்மேலேயே ஒரு பிரியம் உண்டாயிற்று. பாருங்கள், எவ்வளவு பெரிய மனசு!

அதற்கு இரண்டு வாரம் முன்னால் பக்கத்து ஊரில் ஒரு சங்கத்தின் ஆண்டு விழாவில் பேசினேன். கார் அனுப்பினார்கள், சால்வை போட்டார்கள், உறையில் வைத்துப் பணமும் கொடுத்தார்கள். அந்தப் பேச்சுக்கு நான்கு நாள் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிக்கூடப் பார்த்தேன். இந்த வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. நூலகத்துக் கதைக்கு நான் செய்த ஆயத்தம், வீட்டிலிருந்து நூலகம் வரைக்கும் நடந்த நடை. பிள்ளைகள்தானே, எதையாவது சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணம். 'பிள்ளைகள்தானே' என்று மனம் சொன்னதாக அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது 'இலவசந்தானே' என்றுதான் சொல்லியிருக்கிறது.

முப்பது பேர் இருந்தார்கள். பாயில் சிறுவர்கள், பின்னால் நாற்காலிகளில் ஏழெட்டுப் பெரியவர்கள். ஆற்றங்கரையில் ஒரு பாட்டி, ஆட்டுக்குட்டி, பரிசல்காரன், வெள்ளம் என்று ஒரு கதையை ஆரம்பித்தேன். பல வருஷங்களுக்கு முன் என் பெண்ணுக்குச் சொன்ன கதை. பாதியில் மறந்துபோயிற்று. நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒட்டுப்போடத் தெரியாதா? பரிசல்காரனைப் பட்டணத்துக்கு அனுப்பினேன். ஆட்டுக்குட்டியைப் பேச வைத்தேன். இரண்டு இடத்தில் சிரிக்க வைத்தேன். கைதட்டினார்கள். எழுந்திருக்கப் போனேன்.

முன் வரிசையில் ஒரு பெண். பத்து வயது இருக்கும். இரட்டைப் பின்னல், ஒன்றில் ரிப்பன் இல்லை.

"ஸார், அந்தப் பாட்டி என்ன ஆனாங்க?"

பாட்டியை நான் அடியோடு மறந்துவிட்டிருந்தேன்.

"அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்கம்மா" என்றேன்.

"எப்படிப் போவாங்க? வீட்டுக்கும் ஆத்துக்கும் நடுவுல தண்ணி வந்திடுச்சுன்னு நீங்கதானே ஸார் சொன்னீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நூலகர் டீயை நீட்டினார். அந்தச் சாக்கில் தப்பித்து வெளியே வந்துவிட்டேன். பாட்டி அங்கேயே தண்ணீருக்கு நடுவில் நின்றாள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. அன்று ராத்திரி முழுவதும் அதுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஆறுதலாக இருந்தது. நான் ஒரு மணி நேரத்தைத் தானமாகக் கொடுத்தேன். அந்தப் பெண் பல்லைப் பிடித்துப் பார்க்கிறாள். அவள்தான் இங்கிதம் தெரியாதவள். ஆனால் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இந்தப் பழமொழி யாருக்கு உபகாரமாக இருக்கிறது? கிழட்டு மாட்டைத் தள்ளிவிட்டுப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்கிறவனுக்குத்தானே! வாங்கினவன் வாயைத் திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே ஒரு சட்டம் போட்டாகிவிட்டது. என் நண்பர் பயப்படுவதும் இதற்குத்தான். கேள்வி கேட்க முடியாத இடத்தில் சரக்கு கெட்டுப்போகும் என்கிறார் அவர். அதற்கு நானே சாட்சி.

ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை. மாடு யாருடையது?

கூட்டிக் கழிப்பதில் என் நண்பருக்குக் கொஞ்சமும் இளைக்காத ஒருவர் இந்தக் கேள்வியை வெகு காலத்துக்கு முன்பே போட்டு விடையும் கண்டிருக்கிறார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சேர்ந்த சில நாட்களுக்குள்ளேயே அந்தத் தனிமை பொறுக்காமல் பழைய வேலைக்கே ஓடிவிடப் பார்த்தார். சமாதானம் செய்து லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே ஊர் ஊராகப் போய்ப் பொது நூலகங்களைப் பார்த்தார். குழந்தைகள் வருகிறார்கள், தொழிலாளிகள் வருகிறார்கள், குடும்பப் பெண்கள் வருகிறார்கள். இன்னாருக்கு இது என்று இல்லாமல் எல்லாருக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. திரும்பி வந்த பிறகு கல்லூரிக்குத் திரும்பும் பேச்சே இல்லை. 1931-ல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டார். பூட்டி வைத்துப் பாதுகாப்பதற்காகப் புத்தகம் இல்லை என்பதுதான் அவற்றின் ஆரம்பம். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கத்தில் மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். தானம் கொடுத்த மாட்டைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இந்த மாடுகளையும் ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தனி மனிதர்களுடைய தாராளத்தை நம்பி ரங்கநாதன் உட்கார்ந்திருக்கவில்லை. அவருடைய இடைவிடாத முயற்சியால் 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போது கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவில் இப்படிப்பட்ட சட்டம் அதுதான் முதல். அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வரியைப் பற்றியது. வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு பை, அதாவது அரையணா, நூலகத்துக்கு என்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். இன்று அது சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து என்று ஆகியிருக்கிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நம்மில் பலர் அந்த வரியைப் பார்த்ததே இல்லை. நூலகத்துக்குப் போகாமலே வருஷா வருஷம் அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். போகாமலிருப்பதற்காகக் கட்டுகிறோம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த இரட்டைப் பின்னல்காரிக்குச் சொந்த வீடு கிடையாது. அவள் அம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் இட்லி ஊற்றுகிறாள் என்று நூலகர் பிற்பாடு சொன்னார். நூலகத்துக்குப் பின்புறத் தெருவில் ஒண்டுக் குடித்தனம். வீட்டுக்காரன் வரியைக் கட்டிவிட்டுத் தன் கையைக் கடித்துக்கொண்டா இருப்பான்? வாடகையில் ஏற்றித்தான் இருப்பான். ஆகவே அந்த இட்லிப் பாத்திரத்திலிருந்து மாதா மாதம் சில காசுகள் நகர்ந்து, நகராட்சிக்குப் போய், நூலகத்துக்கு வந்து, மின்விசிறியாகச் சுழல்கிறது; பாயாக விரிகிறது. அந்தப் பாயில் அவள் உட்கார்ந்திருந்தாள். தானம் கொடுக்க வந்தவன் என்ற நினைப்பில் நான் அவள் காசில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவளுக்குப் பாதிக் கதை சொன்னேன். பல்லைப் பிடித்துப் பார்த்தாளாம். அவள் மாடு, அவள் பார்க்கிறாள்!

இந்த இடத்தில் என் நண்பர் உடனே ஒப்புக்கொண்டுவிடுவார். "அப்படிச் சொல்லுங்க. அப்போ அது இலவசம் இல்லை. பணம் கட்டியாச்சு. கேட்கலாம்" என்பார். அவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதே எனக்குச் சந்தேகத்தை உண்டாக்குகிறது. ஏனென்றால், வாடகையே கொடுக்காமல் பஸ் நிலையத்துத் திண்ணையில் படுத்திருக்கும் ஒரு பையன் அன்றைக்கு வந்திருந்தால்? அவன் வரி கட்டவில்லை. அவனுக்காக வேறு யாரும் கட்டவில்லை. அவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் மட்டும் 'பாட்டி வீட்டுக்குப் போய்விட்டாள்' என்ற பதில் போதுமா? போதாது என்று மனம் சொல்கிறது. ஏன் போதாது என்று கேட்டால் கணக்கில் அதற்கு இடம் இல்லை.

கோடைக்காலத்துத் தண்ணீர்ப் பந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் சித்திரை, வைகாசியில் பானை வைத்து நீர் மோரும் பானகமும் கொடுப்பது பழைய தர்மம். நாலாயிரம் ரூபாய் கட்டினவனுக்கும் கட்டாதவனுக்கும் ஒரே தாகந்தான். அதைப் புரிந்துகொண்ட தர்மம் அது. ஆனால் என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன்: அவருடைய சிறு வயதில் அந்தப் பந்தலிலும் சிலருக்குச் செம்பில் கொடுப்பார்கள்; சிலருக்கு எட்டி நின்று, மூங்கில் குழாய் வழியாகக் குவிந்த கைகளில் விடுவார்கள். தண்ணீர் இரண்டு பேருக்கும் இலவசந்தான். ஒரே பானைத் தண்ணீர்தான். நடுவில் அந்த மூங்கில் இருக்கிறதே, அது எவ்வளவு நீளம்! கொடுப்பவனுடைய புண்ணியத்துக்கு ஒரு குறைவும் வராமல், குடிப்பவனைக் குனிய வைத்துவிடுகிற நீளம். கையில் விட்ட தண்ணீரைக் குடித்துவிட்டு, 'இதில் ஏன் தூசி கிடக்கிறது?' என்று அவன் கேட்டிருக்க முடியுமா?

அன்று நூலகத்தில் என் கையிலும் ஒரு மூங்கில் குழாய் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். சாதியைச் சொல்லவில்லை, அந்த மனோபாவத்தைச் சொல்கிறேன். வந்ததே பெரிது என்ற நினைப்பு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பொது நூலகத்தின் 1895-ல் திறந்த கட்டிடத்தில், தலைவாயிலுக்கு மேலே, எல்லாருக்கும் இலவசம் என்று பொருள்படக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் கன்னிமாரா நூலகம் அதற்கு அடுத்த வருஷம் திறந்தது. அதற்கு ஒரு கவர்னருடைய பெயரை வைத்தார்கள். இரண்டும் அந்தக் காலத்து ஊர்களுக்கு ஏற்ற வழக்கம். கன்னிமாராவில் பிறகு எத்தனையோ ஏழை மாணவர்கள் உட்கார்ந்து படித்து முன்னுக்கு வந்தார்கள் என்பதால் அந்தப் பெயரைப் பற்றி எனக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லை. ஆனாலும் 'எல்லாருக்கும்' என்று எழுதுவதற்கும் 'இன்னார் அருளியது' என்று எழுதுவதற்கும் படி ஏறுகிறவன் முதுகில் ஒரு வித்தியாசம் தெரியத்தான் தெரியும்.

நண்பர் பக்கத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நூலகர் பெயர் எழுதி வைத்திருந்த நோட்டை எனக்குக் காட்டினார். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்குமேல் வரவில்லை. காசு கட்டியிருந்தால் ஜுரத்தோடும் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். வந்தவர்களிலும் சிலர் விசிறிக்காக வந்தவர்கள். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "வரட்டும் ஸார். வெயில்ல எங்க போவாங்க? விசிறிக்காக வந்தாலும் காது திறந்துதானே இருக்கு?"

அப்படி விசிறிக்காக வந்தவர்களில் ஒரு பெரியவர். எழுபது வயதுக்குமேல் இருக்கும். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவராம். தினமும் காலையில் வந்து பத்திரிகை படித்துவிட்டு, பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு தூக்கமும் போட்டுவிட்டுப் போவார். ஓவிய வகுப்பு நடந்த அன்று நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "எல்லா வயசும்னு போட்டிருக்கியே தாயி, மெய்தானா?" என்று கேட்டாராம். சொல்லிக் கொடுக்க வந்த இளைஞனுக்குச் சிரிப்பு. பிள்ளைகளுக்கு அதைவிடச் சிரிப்பு. நூலகர் மட்டும் பாயில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். முழங்காலை மடக்க முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு இரண்டு மணி நேரம் வரைந்திருக்கிறார். அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், நான் பார்த்தேன். ஒரு லாரி. சக்கரம் கோணல், ஓட்டுகிறவன் தலை வண்டியைவிடப் பெரியது. ஆனால் முன்னால் கட்டின எலுமிச்சம்பழம், மிளகாய், பக்கவாட்டில் தொங்கும் சங்கிலி, தார்ப்பாயைக் கட்டின கயிற்றின் ஒவ்வொரு முடிச்சு என்று ஒன்று விடவில்லை. அதைப் பார்த்த ஒரு சிறுவன், "தாத்தா, இந்த முடிச்சை எப்படிப் போடறது?" என்று கேட்க, மறுநாள் அவர் ஒரு கயிற்றோடு வந்துவிட்டாராம். கரும்பலகையில் இல்லாத ஒரு நிகழ்ச்சி.

இந்த முடிச்சுக்கு யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? கிழவர் வரி கட்டினாரா, பையன் கட்டினானா, யார் கொடுத்தார், யார் வாங்கினார்? என் நண்பரைக் கேட்டால் பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விழிப்பார். நானும் விழிக்கிறேன். ஆனால் அந்த முடிச்சை அவர் இலவசந்தானே என்று தளர்த்திக் கட்டியிருக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம். லாரியில் தளர்த்திக் கட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

சென்னையில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பெரிய மாளிகைகள். குழந்தைகளுக்கென்றே அங்கே தனிப் பகுதிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் யோசித்துக்கொண்டிருப்பது அவற்றைப் பற்றி அல்ல; ஒரே ஒரு அறையும் ஒரு பாயும் வைத்துக்கொண்டு, சன்மானம் தர வழியில்லாமல் வீடு வீடாகப் போய்க் கேட்கிற அந்தப் பெண்மணியைப் பற்றி. நாம் எதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோமோ அதைத்தான் அவர் அந்தப் பிள்ளைகளுக்குப் பரிமாற முடியும்.

கரும்பலகையைப் பார்த்த மறுநாள் நான் நூலகத்துக்குப் போனேன். இன்னொரு நாள் கொடுத்தால் ஒழுங்காக ஒரு கதை சொல்கிறேன் என்று கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டினார். "இடமே இல்லையே ஸார். வெள்ளிக்கிழமை மாஜிக்கோட முடியுது. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். தானம் கொடுக்க வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்!

வெள்ளிக்கிழமை போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மாஜிக்காரர் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வித்தை காட்டிப் பிழைப்பவர். இரண்டு தகரப் பெட்டிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். மேசையை இழுத்துப் போட்டு, கறுப்புத் துணி விரித்து, ஒவ்வொரு சாமானையும் இரண்டு தரம் எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு கழுத்துவரை பொத்தானை மாட்டினார். நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை.

"இந்த வெயிலில் கோட்டு எதற்கு ஐயா? சின்னப் பிள்ளைகள்தானே?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

அவர் சாதாரணமாகச் சொன்னார்: "கோட்டுப் போட்டாத்தாங்க வித்தை. போடலைன்னா அது ஏமாத்து வேலை."

பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். லாரிக்காரப் பெரியவர் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். இரட்டைப் பின்னல்காரி கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து நேரே வந்தாள். இன்றைக்கு இரண்டு பின்னலிலும் ரிப்பன் இருந்தது.

நான் முந்திக்கொண்டேன். "அந்தப் பாட்டி விஷயமா நான் யோசிச்சு வெச்சிருக்கேம்மா. சொல்லட்டுமா?"

"வேணாம் ஸார். நானே முடிச்சுட்டேன்" என்றாள்.

"அப்படியா? பாட்டி என்ன ஆனா?"

"இருங்க ஸார், ஆரம்பிக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு முன்வரிசைக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.